ஐஸில் தூங்குகிறவை

இந்த நாட்டில் ரொட்டியை ஐஸில் வைக்கிறார்கள். மீனை வைத்தால் புரியும், இறைச்சியை வைத்தால் புரியும். ரொட்டியை எதற்கு? என் மகள் ரெஜினாவின் வீட்டில் சமையலறைக்குப் பின்னால் ஆள் படுக்கிற நீளத்தில் ஒரு ஃப்ரீசர் இருக்கிறது. அதில் ரொட்டி, காட்டில் பறித்த பழம், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த கறிவேப்பிலை எல்லாம் கல் மாதிரி கிடக்கும். எப்போதோ போட்ட ரொட்டியை ரெஜினா எடுத்துச் சூடு காட்டினால், அது இன்றைக்குச் சுட்டது போல மெத்தென்று ஆகிவிடுகிறது. முதல் தடவை அதைத் தின்றபோது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. காசிமேட்டில் பாதி ஆயுசு மீன் விற்றவள் நான். ஐஸ் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். செத்ததை இன்னும் கொஞ்சம் நேரம் நாறாமல் வைக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. எவளாவது என் கூடை முன்னால் குந்தி, மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இன்னாக்கா, ஐஸ் மீனா?" என்று கேட்டுவிட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். "ஐஸ் மீனு வோணும்னா அந்தாண்ட போ. என்னாண்ட கீறது காலைல கடல்ல நீஞ்சினு இருந்த மீனு" என்று துரத்துவேன். அப்படிப்பட்டவள் இன்று ஐஸைப் பற்றியே எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டி எழுதுகிறவள், மெதுவாகத்தான் வரும். படிக்கிறவர்களும் மெதுவாகப் படியுங்கள்.

நான் இருப்பது நார்வே என்கிற நாட்டில், மேற்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். பேர் லூர்தம்மா. என் வீட்டுக்காரர் சவுரி இறந்த பிறகு ஊரில் தனியாக இருந்தேன். இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிற ரெஜினா, "இனிமே நீ தனியா இருக்கக்கூடாது" என்று அழைத்துக்கொண்டாள். வந்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கேயும் கடல் உண்டு, கப்பல் உண்டு, கிரேன் உண்டு. எண்ணூர் பக்கத்துச் சாம்பல் இல்லை, திருவொற்றியூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி கிளப்புகிற தூசி இல்லை. மழை மட்டும் விடாது. மழை நின்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்து முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்கிறார்கள். நாம் வெயிலுக்கு ஓடி ஒளிகிறவர்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று அவர்களைப் பார்ப்பேன். அவர்கள் கையசைப்பார்கள். நானும் அசைப்பேன். ஆறு வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான்.

வந்து இரண்டாவது குளிர்காலத்தில் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டியது. கொட்டைப் பாக்கு அளவு, வலி இல்லை. அந்த நிமிஷமே என் தங்கை பிலோமினாவை நினைத்துக்கொண்டேன். எர்ணாவூரில் வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் இருந்தவள். அவளுக்கும் இப்படித்தான் வந்தது. மார்பில் பால் கட்டிக்கொண்டால் நம் பெண்கள் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவார்கள் இல்லையா? அவளும் அதைத்தான் செய்தாள், தலை நரைத்த வயசில். ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது, குப்பென்று மல்லிகை வாசம். "இன்னாடி, புதுப் பொண்ணு மாரி பூவும் கையுமா கீறே?" என்று கேலி செய்தேன். அவள் சிரித்துக்கொண்டே ரவிக்கையை விலக்கிக் காட்டினாள். நசுங்கிய பூவுக்கு அடியில் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாக இருந்தது. "பழைய பால்க்கா. உள்ளயே உறைஞ்சிப்போச்சி போல. கரைஞ்சிடும்" என்றாள். நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர்கள் தலையை ஆட்டினார்கள். அவளைப் புதைத்த பிறகும் அந்த வீட்டுச் சுவரில் மல்லிகை வாசம் இருந்ததாக அவள் மருமகள் சொன்னாள். அதனால் நான் மறைக்கவில்லை. துணியை மாற்றிக்கொண்டு நேராக ரெஜினாவிடம் சொன்னேன்.

புற்றுநோய், மார்பை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுப்பதற்கு முந்தின நாள் ஹன்னா என்று ஒரு பெண் வந்தாள். நெட்டையானவள், ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. எடுத்ததில் ஒரு பகுதியை நாங்கள் வைத்துக்கொள்ளலாமா, பத்திரமாக ஐஸில் வைப்போம் என்று அவள் கேட்டதாக ரெஜினா எனக்குச் சொன்னாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் என்று நினைத்தேன். "தாராளமா வெச்சிக்கட்டும். ஊருக்குப் போசொல்லோ நான் வாங்கிக்கிறேன்னு சொல்லு" என்றேன். ரெஜினா அவளிடம் ஏதோ சொன்னாள். ஹன்னா என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், கண் கூடக் கலங்கினாள். என் சதையை ஒரு பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு இவள் ஏன் இத்தனை நன்றி சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

நான் ஏன் அப்படி எடுத்துக்கொண்டேன் என்பதை ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் சவுரி லாஞ்சில், அதாவது பெரிய விசைப்படகில், தொழில் செய்தவர். ஒருநாள் வலையை இழுக்கிற வின்ச்சில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வார்டில் வேலை செய்கிறவர் வெளியே வந்து, "சவுரி சம்சாரம் யாரும்மா? கையி கீது. எடுத்துகினு போறீங்களா, நாங்களே பாத்துக்கவா?" என்று கேட்டார். லாஞ்சில் அவரோடு இருந்த டொமினிக்தான், "இன்னா நைனா இப்டி கேக்குறே? அது எங்காளு கையி. நாங்கதான் எடுத்துகினு போவோம்" என்றான். மீன் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி ஒன்றை எடுத்து வந்தான். அடியில் நொறுக்கின ஐஸ், அதன் மேல் துணியில் சுற்றின கை, மேலே மறுபடியும் ஐஸ். ஆட்டோவில் ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னா மீனு மாமு?" என்றார். டொமினிக் "வஞ்சிரம்" என்றான். சொல்லிவிட்டு ராயபுரம் வரைக்கும் பெட்டியின் மேல் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டே வந்தான்.

கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக் குழியில் புதைத்தோம். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். திரும்பிப் போய் ஆஸ்பத்திரியில் சவுரியிடம் சொன்னேன். மயக்கம் தெளிந்து வெளிறிக் கிடந்தார்.

"எங்க வெச்சே?"

"வேப்பமரத்தாண்ட. உங்க அப்பா பக்கத்துல."

"ஷோக்கான எடமாச்சே. பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிப்பாங்கல்ல லூர்து, நான் கையப் போட்டு புடிச்சிட்டேன். இனிமே இன்னா அவசரம், மெதுவா போலாம்."

வார்டே சிரித்தது. அப்புறம் பல வருஷம் ஒற்றைக் கையோடு வலை பின்னினார், சீட்டாடினார், என்னோடு சண்டை போட்டார். அவர் போன அன்று குழி வெட்டுகிறவர் மண்ணை மெதுவாக விலக்கி, அந்தக் கையின் எலும்புகளைப் பொறுக்கி எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். சவப்பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அவற்றைத் துணியில் முடிந்து அவருடைய வலது பக்கத்தில் வைத்தேன். முழு ஆளாகத்தான் அனுப்பினேன். செத்தவர்கள் உயிர்த்தெழுகிற கடைசி நாளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கையைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டார்.

என் கதைக்கு வருகிறேன். மார்பை எடுத்தபின் மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நாக்கு செத்துப் போனது, பிறகு முடி முளைத்தது. சுத்தமாகிவிட்டது என்றார்கள். நான் மழையில் நடந்தேன், மாதா கோயிலுக்குப் போனேன், இங்கே மீன் கடையில் தலையில்லாத மீனைப் பார்த்து முகம் சுளித்தேன். போன இலையுதிர்காலத்தில் முதுகு வலித்தது. குளிர் என்று நினைத்தேன். படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பிலும் இடுப்பிலும் பரவியிருந்தது. வெட்டி எறிந்த ஒன்று எப்படி எலும்புக்குள் வந்தது என்று டாக்டரிடம் கேட்டேன்.

அவர் வயசானவர், பொறுமையாகச் சொன்னார். ரெஜினா தமிழில் சொன்னாள். ஒரு பெண்ணின் மார்பில் ஸ்டெம் செல் என்று சில உயிரணுக்கள் பிறவியிலிருந்தே உண்டாம். சாதாரணமாகச் சும்மா கிடக்கும். பெண் வயசுக்கு வரும்போது எழுந்து வேலை செய்யும், பிள்ளை உண்டாகும்போது மறுபடி எழுந்து பால் ஓடுகிற குழாய்களையும் பைகளையும் கட்டும். வேலை முடிந்ததும் திரும்பவும் தூங்கப் போகும். புற்றுக் கட்டிக்குள்ளேயும் அவற்றைப் போலவே சில உயிரணுக்கள் இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். கட்டியில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகுகிறவை. மருந்து அப்படிப் பெருகுகிறவற்றைத்தான் பிடித்துக் கொல்கிறது. இந்தச் சிலவோ பெருகாமல் தூங்கிக் கிடக்கும். மருந்து அவற்றைத் தாண்டிப் போய்விடும். உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுகிற சாமர்த்தியமும் சிலவற்றுக்கு உண்டாம். ரத்தத்தோடு போய் எலும்பில் ஒதுங்கி, வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்துவிட்டு, ஒருநாள் விழித்துக்கொண்டு, ஒன்றே ஒன்றாக இருந்தாலும் முழுக் கட்டியையும் திரும்பக் கட்டிவிடும். எது அவற்றை எழுப்புகிறது என்பது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை, எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை என்று டாக்டர் ஒத்துக்கொண்டார். எங்கள் ஊர்ப் புகையாலா, ஓடையில் ஓடுகிற எண்ணெயாலா என்று கேட்டேன். அதுவும் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன டாக்டரை எனக்குப் பிடித்திருந்தது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். பயணம் போக வேண்டுமானால் இப்போதே போய்விடுங்கள் என்றார்.

அதனால் ஊருக்கு டிக்கெட் போட்டோம். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, இங்கே மீன் கடையில் சால்மன் வந்து இறங்குகிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். காசிமேட்டுப் பெட்டியேதான், இம்மியும் மாறவில்லை. ரெஜினாவின் ஃப்ரீசரில் இருந்து ஐஸை அள்ளி அடியில் பரப்பிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"இன்னாம்மா பண்றே? பொட்டி எதுக்கு?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். என்து அங்க கீதுல்ல. கேட்டு வாங்கினு வந்துர்லாம்."

அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"நீ நெசமாவே அப்டித்தான் நெனச்சினு இருந்தியா?"

"வேற எப்டி நெனைக்கிறது? போசொல்லோ வாங்கிக்கிறேன்னு உன்னாண்டதானே சொன்னேன். அவளாண்ட சொன்னியா இல்லியா?"

"சொல்லல."

"ஏன்டி?"

"சொன்னா, திருப்பித் தர முடியாதுன்னு அவங்க சொல்லுவாங்க. நீ அப்பவே வாணாம்னு எழுந்துருவே. சித்தி போனாங்க. இப்ப நீ. அடுத்து யாருன்னு நெனைக்கிறே? எனக்கு பயமா கீதும்மா. எவங்களாச்சும் அத்த வெச்சி எதுனா கண்டுபுடிக்கட்டுமேன்னுதான்..."

என்னை விட்டு எங்கோ பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் மார்பின் மேல் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அடிக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. பெட்டியை மூடி டேப் ஒட்டினேன். "எழுந்து வா. இந்தத் தபா ஒரு வார்த்தை வுடாம சொல்லணும்" என்றேன்.

பஸ்ஸில் எதிரே இருந்த கிழவர் பெட்டியைப் பார்த்து, அவர்கள் மொழியில் மீன் பேரைச் சொல்லிக் கட்டைவிரலை உயர்த்தினார். நானும் தலையை ஆட்டினேன். டொமினிக் சொன்ன வஞ்சிரம் ஞாபகம் வந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் ஹன்னா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பெட்டியைப் பார்த்ததும் சங்கடப்பட்டு, எங்களுக்கு அன்பளிப்பு வாங்க அனுமதி இல்லை, ஆனாலும் மீனுக்கு மிகவும் நன்றி என்றாள். நான் டேப்பைப் பிய்த்துக் காலிப் பெட்டியைக் காட்டினேன். ஐஸ் மட்டும் இருந்தது. இடது மார்பு இருந்த இடத்தில் கையை வைத்து, பிறகு பெட்டிக்குள் காட்டினேன். ரெஜினா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னாள்: அவள் அப்பாவின் கையை, ஆட்டோவை, வேப்பமரத்தை, தான் சொல்லாமல் விட்டதை. கேட்டு முடித்த ஹன்னா பெட்டியைத் தானே மூடினாள். பிறகு உள்ளே கூட்டிப் போனாள்.

உயரமான ஒரு இரும்புத் தொட்டியைத் திறந்தாள். வெள்ளைப் புகை வழிந்து தரையில் ஓடியது. நம் ஐஸ் ஃபாக்டரியில் வருகிற புகை இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அதற்குள் விரல் நுனி அளவு குப்பிகள். அதில் சிலவற்றில் நான். இந்தக் குளிரில் இவை சாகவில்லை, தூங்குகின்றன, சூடு காட்டினால் விழித்துக்கொள்ளும் என்றாள். ரொட்டி மாதிரியா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பிறகு மைக்ராஸ்கோப் என்கிற பூதக்கண்ணாடியில் கண்ணை வைக்கச் சொன்னாள். விழிக்க வைத்த சிலவற்றைக் கூழ் மாதிரி ஒன்றில் வளர்த்திருந்தார்கள். உருண்டை உருண்டையாக, நடுவில் காலியாக, வெளிச்சம் ஊடுருவ நின்றன. கொடுவா மீனின் வயிற்றைக் கீறினால் வருகிற சினை போல இருந்தது. எந்த மருந்துக்கு இவை விழிக்காமல் இருக்கும், தூங்கும்போதே எப்படிக் கொல்வது என்பதைத்தான் பார்க்கிறோம் என்றாள்.

"உயிரோடவா கீது?" என்றேன். ஆமாம் என்றாள்.

"மிச்சம் எங்க?"

இதை ரெஜினா மொழிபெயர்க்கத் தயங்கினாள். நான் முறைத்தேன். சொன்னாள். ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் எடுத்தது போக மீதியை அப்போதே எரித்துவிட்டார்கள், வழக்கம் அது என்று பதில் வந்தது.

அந்தப் பூதக்கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரெஜினா குடித்து வளர்ந்த சதை சாம்பலாகிப் போயிருந்தது. என்னைத் தின்றுகொண்டிருப்பது மட்டும் பத்திரமாக, வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டு, உயிரோடு இருந்தது. கத்த வேண்டும் போல் வந்தது. காசிமேட்டில் நான் கத்தினால் ஏலக்காரனே வாயை மூடுவான். இங்கே யாரைப் பார்த்துக் கத்துவது?

ஹன்னா என் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். உங்களிடம் திருப்பித் தர எங்களுக்குச் சட்டம் இடம் தராது, ஆனால் அழித்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஒரு வார்த்தை போதும், இன்றைக்கே செய்வேன் என்றாள். ரெஜினா அதையும் விடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. அவள் கைகள் மறுபடியும் மார்பின் மேல் கட்டியிருந்தன. தனக்குத் தெரியாமலே அப்படிக் கட்டிக்கொள்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"எம்மாம் நாள் இருக்கும் இதுங்க?" என்று கேட்டேன்.

பார்த்துக்கொண்டால் நம் எல்லோருக்கும் பிறகும் இருக்கும் என்றாள்.

ரெஜினாவின் கைகளை மறுபடி பார்த்தேன். பிறகு சொன்னேன்: "இருக்கட்டும். ஆனா ஒண்ணு. எங்கூர்ல மீன் ஏலம் நடக்கசொல்லோ பொணம் போச்சின்னா, ஏலம் நிக்கும். யாரு, இன்னா மதம்னு பாக்க மாட்டாங்க. தாண்டிப் போறவரைக்கும் ஒருத்தரும் வெலை சொல்ல மாட்டாங்க. என்னிக்காச்சும் இதெல்லாம் வாணாம்னு கொட்டுவீங்கல்ல, அன்னிக்கு எல்லாரும் வேலைய நிறுத்திட்டு சும்மா நில்லுங்க. அது போதும்."

எனக்கு ஜெபம் செய்யத் தெரியாதே, கடவுள் நம்பிக்கை இல்லையே என்று ஹன்னா தவித்தாள். "ஜெபம் யாரு கேட்டா? சும்மா நின்னா போதும்னு சொல்லுடி" என்றேன். நிற்கிறோம் என்றாள். புரிந்துதான் சொன்னாளா, கிழவியைச் சமாதானப்படுத்தச் சொன்னாளா, தெரியாது. அவளுக்கு முன்னால் நான் போய்விடுவேன், போய்ப் பார்த்துக்கொள்ள முடியாது.

வெளியே வந்து பெட்டியிலிருந்த ஐஸை மரத்தடியில் கொட்டினேன். ரெஜினா காலிப் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குக் கிட்டே வந்ததும், "கோவமா கீறியாம்மா?" என்றாள். "கீறேன்" என்றேன். "நீ போய் ஒழுங்கா டாக்டராண்ட உன்னியக் காட்டிக்கோ. பூ கீ வெச்சிக் கட்டினு இருந்தேன்னு கேள்விப்பட்டேன், எழுந்து வந்து அடிப்பேன்." அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்து வந்தது.

நாளைக்கு விமானம். டொமினிக்கிடம் போனில் பேசிவிட்டேன். குழி வெட்டும்போது எனக்கு இடது பக்கம் கொஞ்சம் இடம் விடச் சொல்லு என்றேன். "அங்க இன்னா வைக்கப் போறே லூர்து?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை, சும்மா விடு என்றேன். கிழவிக்கு வலியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பான். சவுரியின் கை அவருக்கு முன்னால் போய் இடம் பிடித்து வைத்தது. என்னுடையது பின்னால் தங்கிவிட்டது. நான் இறங்கிவிட்ட பஸ்ஸில், நான் இனி வந்து உட்காராத ஒரு ஸீட்டில், துண்டு போட்டபடி அது உட்கார்ந்திருக்கிறது.